பொதியிலுக்குப் புறப்பட்ட கோல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியே வடகிழக்காகச் செல்லும் மலைச்சாலை விதுரா என்னும் ஊரை அடுத்து இரு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை கல்லாற்றைக் கடந்து, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடியை அடைகிறது. மற்றொரு கிளை தேயிலைத் தோட்டங்களுக்கிடையே புகுந்து போனக்காட்டில் முடிகிறது. பொன்முடிக்குச் செல்வோர் காட்சி காணச் செல்கின்றனர். ஊர்தியிலேயே உச்சிவரை போய்த் திரும்பிவிடலாம். போனக்காட்டுக்குச் செல்வோர் நிலை வேறு. அவர்களுக்குச் சாலை முடியுமிடத்திலேதான் பயணம் தொடங்குகிறது. அதன்பின் காலும் கோலுமே துணை.

மேகம் விலகிய காலைப்பொழுதில் பொன்முடியின் புல்வெளியில் நின்று தென்கிழக்கே நோக்கினால், மலைகளுக்கெல்லாம் மேலாக ஒரு முடி கூம்பி நிற்கக் காணலாம். அதுவே அகத்தியர்கூடம், 1,868 மீட்டர் உயரமுடையது. தமிழ்முனிவன் உறையும் பொதியில் என்று நம் முன்னோர் போற்றியது இம்மலையையே. பொருநையாற்றைத் தமிழகத்துக்கும், நெய்யாற்றையும் கரமனையாற்றையும் கேரளத்துக்கும் வழங்கும் மழைவளம் மிக்க மலைத்தொடர் இது. இன்று அடியார்கள் பெரும்பாலும் கேரளப் பக்கத்துப் போனக்காட்டு வழியாகவே இம்மலையேறுகின்றனர். ஆண்டின் தொடக்க மாதங்களில், கேரள வனத்துறை வழங்கும் இசைவுச் சீட்டைப் பெற்று, இடையே அதிருமலை என்னும் இடத்தில் இரவு தங்கி, மறுநாள் முடியேறித் திரும்புவது வழக்கம்.

இப்பயணத்துக்கு ஆயத்தமாகும் ஒருவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு சிறு வினா உண்டு. ஊன்றி ஏறுவதற்குரிய கோல் எங்கிருந்து வரும்? மலையிலே மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. மலையாளத்தார் ஈற்ற என வழங்கும் மெல்லிய மூங்கில் இனம் வழிநெடுக அடர்ந்து நிற்கிறது. ஆயினும் அது யானைக்குரிய உணவு. அக்காடு விலங்குகளுக்குரிய புகலிடம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நிலத்தில் அடியவன் தன் விருப்பம்போல் ஒரு கணுவையும் வெட்டலாகாது. ஆகவே கோல் வேண்டுவோர் அதைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும்.

கடல்கடந்து வாழும் நம்மவர்க்கோ இவ்வினா இன்னும் கடுமையானது. மலையேற்றத்துக்கென்று செய்யப்பட்ட கூர்முனைக் கோல்களை விமானத்தின் பயணியர் பகுதிக்குள் கொண்டுசெல்லப் பல நாட்டு விமான நிலையங்களில் இசைவதில்லை. அவற்றை மடக்கிப் பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிட வேண்டும். பெட்டி வழிதவறினால் கோலும் வழிதவறியதுதான். இங்கிருந்து ஊருக்குத் திரும்பும்போது ஒரு மூங்கிற்கோலை நினைவாக எடுத்துச்செல்ல எண்ணினால், ஆசுத்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் மரப்பொருள் எதுவாயினும் அதிகாரிகளிடம் அறிவித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பூச்சியோ புழுவோ புகுந்துவிடும் என்பது அவர்கள் அச்சம்; அது நியாயமான அச்சமே.

ஒரு கோலைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது இவ்வளவு பெரிய செய்தியா என்று அன்பர்கள் நகைக்கலாம். நம் இலக்கியத்தையும் தலவரலாறுகளையும் புரட்டிப் பார்த்தால் அது பெரிய செய்தியாகவே போற்றப்பட்டிருப்பது விளங்கும். அதனை ஈண்டு ஒருவாறு காண்போம்.

தாமே தாங்கிய கோல்

முதலில், தம் கோலைத் தாமே என்றும் உடன் கொண்டு திரிந்தவர்களைப் பற்றிச் சொல்லிவிடலாம். அகத்தியரின் மாணாக்கர் என்று மரபு போற்றும் தொல்காப்பியர், மரபியலில் அந்தணர்க்குரியனவாக எண்ணும் பொருள்களுள் நூல், கரகம், மணை ஆகியவற்றோடு முக்கோலும் ஒன்று. மூன்று கோல்களை ஒன்றாகக் கட்டிய துறவியர் தண்டமே முக்கோல். கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில், மகளைத் தேடிச் சுரவழியே வரும் செவிலித்தாய், குடையும் உறியிலிட்ட கரகமும் முக்கோலும் தாங்கி எதிரே வரும் அந்தணரைக் கண்டு, என் மகளைக் கண்டீரோ என்று வினவுகிறாள். முல்லைப்பாட்டில், பாசறையில் நட்ட வில்லின்மேல் தூணி தொங்கும் காட்சிக்கு, துறவி தன் முக்கோலில் காவி ஆடையைத் தொங்கவிட்டிருக்கும் காட்சி உவமையாகிறது. ஊன்றவும், உடை உலர்த்தவும், அடையாளங் காட்டவும் ஒரே கோல் உதவியிருக்கிறது.

பாணரும் புலவரும் தாங்கியது வேறொரு கோல். தோளின் குறுக்கே வைத்து, இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுச் செல்லும் தண்டு அது. ‘கா’ என்பது அதன் பழம்பெயர். அவ்வாறு சுமத்தலைக் காவுதல் என்றனர். அதியமான் வாயிலில் பரிசில் நீட்டிக்கப்பட்டபோது, ஔவையார் தம் இசைக்கலங்களைக் காவிக்கொண்டு புறப்பட்டுவிட்டதாகப் பாடியது புறநானூற்றில் உள்ளது. காவுகின்ற தடி காவுதடியாகி, பின்னர்க் காவடியாயிற்று என்பர் சொல்லாய்வாளர். இன்று உலகெங்கும் தமிழர் வாழுமிடமெல்லாம் வழங்கும் காவடி என்னும் சொல்லுக்குள், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வழிநடந்த பாணனின் தோட்சுமை இருக்கிறது.

முக்கோற் பகவரும் பாணரும் வாழ்நாள் முழுதும் வழியிலேயே இருந்தவர்கள். அவர்களுக்குத் தொடக்க இடம் என்று தனியே ஒன்றில்லை. கோலைத் தேடவேண்டிய தேவையும் இல்லை. வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரு தலத்தை நோக்கி நடப்பவர் கதை அத்தகையதன்று. அவர் கையில் கோல் வந்து சேரவேண்டும். நம் மரபில் அது வந்துசேர்ந்த வரலாறுகள் சில மறக்கவொண்ணாதவை.

வெண்பாக்கத்தில் கிடைத்த கோல்

பெரியபுராணம் கூறும் சுந்தரர் வரலாற்றை நம் வீடுகளில் அறியாதார் இலர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்தார் நம்பி. திருவாரூர் வசந்தவிழா நினைவுக்கு வரவே, சூளுறவை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த கணமே கண்ணொளி மறைந்தது. திருவாரூரோ வெகுதொலைவு. கண்ணிழந்த ஒருவர் அத்தனை காதமும் எவ்வாறு நடப்பது?

திருவெண்பாக்கம் என்னும் தலத்துக்கு வந்து, கோயிலுள் இருக்கின்றாயோ என்று இறைவனைக் கேட்டார். இறைவன் கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தான். நம்பிக்கு அது மனநிறைவு தரவில்லை என்பது அவர் பாடிய பதிகத்தாலேயே தெரிகிறது. தோழனிடம் கண்ணைக் கேட்டவனுக்குக் கம்பு கிடைத்தால் சினம் வாராதோ? ஆயினும் அக்கோலை ஊன்றியே காஞ்சிவரை சென்றார். அங்கு இடக்கண் ஒளிபெற்றது. திருவாரூரில் மற்றொரு கண்ணும் ஒளிபெற்றது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று. நெடுவழியின் முடிவில் கிடைக்கவேண்டியது கண்; தொடக்கத்தில் கிடைக்கவேண்டியது கோல். கண் வந்தபின் கோலுக்குத் தேவையில்லை. ஆனால் கோல் இல்லாமல் கண் கிடைக்கும் இடத்துக்குப் போய்ச்சேர முடியாது. ஆகவே முதலில் கோலைக் கொடுத்தது குறைவான கொடை அன்று; அப்போதைக்குப் பொருத்தமான கொடை அதுவே.

வெண்பாக்கத்துக்குப் பின்னர் நேர்ந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் நிறைவேறியபோது பழைய தலம் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டது. கோயில் வேறிடத்தில் புதிதாக எழுப்பப்பட்டு, ஊன்றுகோல் தந்த இறைவன் அங்கே இடம்பெயர்ந்து உறைகிறான். புறப்படுவோர்க்குக் கோல் கொடுத்த தெய்வமே ஒருநாள் தானும் புறப்பட நேர்ந்தது. புலம்பெயர்ந்தோர் ஆகிய நாம் இத்தலத்தைத் தனியன்போடு நினைப்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

அரங்குக்கு வந்த கோல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒரு கோல் வருகிறது. அதன் பெயர் தலைக்கோல். பகைமன்னர் புறங்காட்டி விட்டுச்சென்ற வெண்குடையின் காம்பைக் கொண்டு, கணுக்களில் நவமணி பதித்து, இடையிடையே பொற்றகடு வேய்ந்து செய்யப்பட்டது அது. அதனை இந்திரன் மகன் சயந்தனாகவே கருதி அரண்மனையில் வைத்து வழிபட்டனர். பொதியில் முனிவரான அகத்தியரின் சாபத்தால் சயந்தன் மண்ணில் மூங்கிலாய்ப் பிறந்தான் என்பதும், தலைக்கோலாகி அச்சாபம் நீங்கினான் என்பதும் அதன் பின்னணிக் கதை. எனவே இக்கோலும் ஒருவகையில் பொதியிலோடு உறவுடையதே.

மாதவி ஆடவேண்டிய நாளில் முதலில் அரங்குக்குப் போவது மாதவி அன்று. பொற்குடத்து நன்னீரால் கோலை நீராட்டி மாலை சூட்டுகின்றனர். பட்டத்து யானை அதனைத் தன் கையில் ஏந்துகிறது. முரசும் பிற இயங்களும் ஒலிக்க, அரசனும் ஐம்பெருங்குழுவும் தேரை வலம்வந்து, அத்தேர்மேலிருக்கும் புலவன் கையில் அதைக் கொடுக்கச் செய்கின்றனர். அது ஊர்வலம் வந்து அரங்கில் வைக்கப்பட்ட பின்னரே ஆடல்மகள் வலக்கால் முன்வைத்து ஏறுகிறாள்.

இது வழிநடைக் கோல் அன்று, உண்மைதான். எனினும் ஒரு பெண் தன் வாழ்வின் பெரிய தொடக்கத்தில் நிற்கும்போது, அவளுக்குரிய கோலை அரசன் முதல் யானைவரை ஊரே சேர்ந்து கொண்டுவந்து வைக்கிறது என்பது எண்ணத்தக்கது. ஆடுபவள் ஒருத்தி, கோலைக் கொண்டுவந்தவர் பலர்.

வழிக்கு வந்த கோல்

இனி, எல்லாவற்றினும் நமக்கு நெருங்கிய கதைக்கு வருவோம். பழனித் தலவரலாற்றில் இடம்பெறும் இடும்பன் கதை அது. காவடி எடுத்த எவரும் கேட்டிருப்பர். ஆனால் அதில் கோலின் பங்கை நாம் நின்று நோக்குவதில்லை.

அகத்தியர் தம் வழிபாட்டுக்கென்று சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றுகளைப் பெற்றார். அவற்றை வடக்கிலிருந்து பொதியிலுக்குக் கொண்டுவரும் பணியை இடும்பனிடம் ஒப்படைத்தார். சூரபதுமன் படையில் எஞ்சியவன் இடும்பன், தோள்வலி மிக்கவன். மலைகளின் அருகே போய் நின்றான். வலிமை இருந்தது, சுமையும் இருந்தது, ஆனால் இரண்டு மலைகளை ஒரு தோளில் ஏற்றும் வழி தெரியவில்லை. முனிவர் கற்பித்த மந்திரத்தை ஓதினான். அப்போது பிரமதண்டம் தானே வந்து மலைகளுக்குமேல் நின்றது. நாகங்கள் உறிக்கயிறாயின. தண்டின் இரு முனையிலும் மலைகளைப் பூட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தான்.

தொடக்க இடத்துக்குக் கோல் வந்துசேர்ந்த கதை இதைவிட வெளிப்படையாக வேறெங்கும் இல்லை எனலாம். மலையைத் தூக்குவதற்குத் தோள் மட்டும் போதாது, கோல் வேண்டும். அந்தக் கோலோ அவன் செதுக்கியதன்று, அவனுக்காக வந்தது.

அவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்பதை மறந்துவிடலாகாது. அவன் சேரவேண்டிய இடம் பொதியில். பொன்முடியில் நின்றால் நம் கண்ணுக்குத் தெரியும் அந்த முடியே முதற்காவடியின் முடிவிடம். ஆனால் அவன் அங்கே சேரவில்லை. ஆவினன்குடிக்கருகே களைப்பாறச் சுமையை இறக்கினான். மீண்டும் எடுக்க முயன்றபோது சிவகிரி அசையவில்லை. ஏறிப் பார்த்தால், கோவணம் உடுத்த சிறுவன் ஒருவன் கையில் தண்டோடு நின்றான். தண்டு தாங்கி வந்தவன் தண்டு ஏந்தி நின்றவனோடு போரிட்டு வீழ்ந்தான். இடும்பி அழுது வேண்ட, அகத்தியரும் வந்து இறைஞ்ச, முருகன் அவனை எழுப்பித் தன் வாயிற்காவலனாக்கினான். உன்போல் தோளில் சுமந்து வருவோர்க்கு அருள்வேன் என்று வரமும் தந்தான். பொதியிலுக்குரிய மலைகள் பழனியிலேயே நின்றுவிட்டன. தண்டின் வழக்கமோ நிற்கவில்லை; அது ஊர் ஊராக, பின்னர் நாடு நாடாக நடந்தது.

பழனிப் பெருமானுக்குத் தண்டாயுதபாணி என்று பெயர். வேலும் வாளும் ஏந்திய தெய்வம் பல. ஊன்றும் தண்டையே ஆயுதமாகக் கொண்ட தெய்வம் அரிது. வீட்டைவிட்டு வெளியேறி மலையில் போய் நின்ற பிள்ளை கையில் ஒரு கோல் மட்டுமே இருந்தது என்பதை நம் மக்கள் எளிதில் புரிந்துகொண்டனர் போலும்.

நடந்துசென்ற மக்கள்

செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடி தாங்கிப் பழனிக்கு நடந்துசென்று, நடந்தே திரும்பும் மரபு பல நூற்றாண்டுப் பழமையுடையது. இத்தகைய வழிநடையிலிருந்தே காவடிச்சிந்து என்னும் இசைவடிவம் பிறந்து வளர்ந்தது. தென்பாண்டிச் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் அதனைப் பாடி இலக்கியமாக்கினார். காலடிக்கும் தோட்சுமைக்கும் இசைந்த தாளத்தை அச்சிந்தில் இன்றும் கேட்கலாம்.

பொன்முடிக்கு அண்மையிலேயே, திருவனந்தபுரத்தை நோக்கி ஆண்டுதோறும் வேறொரு வழிநடை நிகழ்கிறது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றனர். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் உள்ள உடைவாளை முறைப்படி எடுத்துக் கைமாற்றிக் கொடுத்த பின்னரே அவ்வூர்வலம் புறப்படுகிறது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபின், புறப்படும் இடம் ஒரு மாநிலத்திலும் சேரும் இடம் வேறொரு மாநிலத்திலும் ஆயின. எல்லை மாறியும் வாள் கைமாறும் வழக்கம் மாறவில்லை. ஏந்திச் செல்லும் பொருள் தொடக்க இடத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வருவதே பயணத்தின் முதற்படி என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று.

சுமையோடு பொதியிலை நோக்கி உண்மையில் ஏறியவர்களும் உளர். 1855இல் திருவிதாங்கூர் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரௌன் என்பார், நிலக்காந்த ஆய்வுக்கும் வானிலை ஆய்வுக்கும் அகத்தியர்கூட உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவிகள் அத்தனையும் காட்டுவழியே மனிதர் சுமந்தே மேலே சேர வேண்டியிருந்தது. ஆய்வாளரின் பெயர் அறிவியல் வரலாற்றில் நின்றது. சுமந்தவர் பெயர்கள் நிற்கவில்லை. இடும்பன் செய்துமுடிக்காத வேலையைப் பெயரறியாத அவர்கள் செய்தனர் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம்.

கடல்கடந்த தண்டு

1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கும், அதேகாலத்தில் மலாயாவுக்கும் பிற தீவுகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளராய்க் கப்பலேறிய தமிழர் எதைக் கொண்டுபோயிருக்க முடியும்? மாற்றுடையும் ஓரிரு பாத்திரமுமே பலருக்கு உடைமை. காவடித்தண்டு அவர்தம் மூட்டையில் இருந்திருக்காது. அந்தந்த நாட்டு மரத்தையே அவர்கள் வளைத்துத் தண்டாக்கியிருக்க வேண்டும். தண்டு போகவில்லை, தண்டைச் செய்யும் நினைவு போயிற்று. மொரீசியசில் தைப்பூசக் காவடி நாள் இன்று நாட்டின் பொது விடுமுறை. டர்பனிலும் ரெயூனியனிலும் காவடி எடுக்கிறார்கள். தமிழ்ப் பேச்சு மங்கிய குடும்பங்களிலும் காவடி என்னும் சொல் மங்கவில்லை.

மலேசியாவில் பத்துமலையின் குகைவாயில் வேல்வடிவாகத் தோன்றக் கண்டு அங்கே முருக வழிபாட்டைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடைபெறுகிறது. கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் தேரைத் தொடர்ந்து நடந்து, 272 படிகள் ஏறுகின்றனர் அடியார்கள். சிங்கப்பூரில் நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலுக்கு, சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் செல்கின்றன. மரத்தண்டு இருந்த இடத்தில் அலுமினியமும் இரும்பும் வந்துவிட்டன. ஆனால் புறப்படும் கோயிலில் ஒருகணம் நின்று பாருங்கள். காவடியின் உறுப்புகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகின்றனர். அண்ணன் ஒரு முனையைப் பிடிக்க, மைத்துனன் திருகாணியை முடுக்க, தாய் பாற்செம்பைக் கட்ட, நண்பர்கள் தோளில் ஏற்றிவைக்கின்றனர். நடப்பவர் ஒருவர், அவரை நடக்கவைப்பவர் ஒரு குடும்பம். இடும்பனுக்குத் தண்டமும் நாகமும் வந்ததுபோல் இவருக்கு உறவு வருகிறது.

இலங்கையில் வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து தெற்கே கதிர்காமம்வரை, கீழைக் கடற்கரையோரமாக வேலை முன்னிட்டு வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரை பெரும்புகழ் வாய்ந்தது. 1983க்குப்பின் மூண்ட போர் அவ்வழியைக் குலைத்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் வடக்கிலிருந்து நடப்போர் மீண்டும் பெருகினர். இடையே ஒரு தலைமுறை நடக்காமலே வளர்ந்தது. வழி அறிந்த முதியவர் ஒருவர் வேலை ஏந்தி முன்னே நின்றதனால்தான் அறியாத இளையவர் பின்னே நடக்க முடிந்தது. அம்முதியவரும் இல்லாதிருந்தால்?

பிறநாட்டு வழக்கம்

இவ்வுணர்வு நமக்கு மட்டும் உரியதன்று. இசுப்பெயினில் சாண்டியாகோ தெ கொம்போசுதெலாவுக்கு நடந்துசெல்லும் கிறித்தவ அடியார்க்கு, இடைக்காலத்தில் சொந்த ஊர்க் கோயிலிலேயே கைக்கோலையும் தோற்பையையும் குருமார் வாழ்த்தி வழங்கினர். கோலை மூன்றாவது கால் என்றும், நாயும் ஓநாயும் தாக்காமற் காப்பது என்றும் அக்காலச் சமயவுரைகள் விளக்கின. சப்பானின் சிக்கோக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கும் பௌத்த அடியார், தம் கைத்தடியைக் கோபோ தைசி என்னும் ஞானியாகவே கருதுகின்றனர். இரவு விடுதியை அடைந்ததும் தம் காலைக் கழுவுமுன் கோலின் அடியைக் கழுவுகின்றனர். பாலத்தின்மேல் செல்லும்போது கோலைத் தட்டுவதில்லை. முன்னொருநாள் பாலத்தடியில் அந்த ஞானி உறங்கியதை நினைந்து, அவர் துயில் கலையலாகாது என்று கருதுகின்றனர்.

ஊரார் வாழ்த்திக் கொடுத்த கோல் ஒன்று. குருவே உடன்வரும் கோல் மற்றொன்று. இரண்டிலும் நடப்பவர் தனியே நடக்கவில்லை என்பதே பொருள். வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் போன்றது ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் என்று வள்ளுவர் கேள்வியதிகாரத்தில் கூறியதும் இக்கருத்துக்கு இயைந்ததே. வழுக்கியபின் கோலைத் தேடி ஓட முடியாது. அது முன்னரே கையில் இருக்கவேண்டும். முன்னரே கையில் இருக்கவேண்டுமாயின் யாரோ முன்னரே கொடுத்திருக்கவேண்டும்.

நம் கையில் உள்ளது

மீண்டும் போனக்காட்டுக்கு வருவோம். அகத்தியர்கூடத்துக்குப் பெண்கள் ஏற நெடுங்காலம் இசைவில்லாதிருந்தது. 2018இல் கேரள உயர்நீதிமன்றம், பெண் என்பதனால் ஒருவரைத் தடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. மலையைத் தம் தெய்வத்தின் இடமாகப் போற்றும் காணி மக்கள் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர், மலையேறுவோரைத் தடுக்கவில்லை. 2019 சனவரியில் அவ்வழியே பெண்களும் ஏறத் தொடங்கினர். ஆகவே இன்று நம் மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் ஒரு கோலை நாம் தேடவேண்டியவர்களாக இருக்கிறோம்.

பிற நாட்டில் பிறந்து, பள்ளியில் வேறு மொழி பயின்று, விடுமுறைக்குத் தாத்தா பாட்டி ஊருக்கு வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பொன்முடிக்கு அழைத்துச் செல்வது எளிது. காட்சியைக் காண்பார்கள், படம் எடுப்பார்கள், குளிர்கிறது என்று வண்டிக்குள் ஏறிவிடுவார்கள். தென்கிழக்கே நிற்கும் அந்த முடி எது என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்லப்போகிறோம்? மலை என்று சொல்லலாம். பொதியில் என்றும் சொல்லலாம். எச்சொல்லைச் சொல்கிறோம் என்பது பிள்ளையின் கையில் இல்லை. நம் கையில்தான் இருக்கிறது.

பெட்டியில் வைத்து அனுப்பிய அலுமினியக் கோல் வழியில் தவறிப்போனால் கவலையில்லை. நெடுமங்காட்டிலோ விதுராவிலோ எளிய கம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பயணம் முடிந்து அதை விமானத்தில் ஏற்ற இயலாவிடினும் கவலையில்லை. அடுத்து ஏறுவோர்க்குக் கொடுத்துவிட்டு வரலாம். கப்பலேறிய நம் முன்னோர் தண்டைக் கொண்டுபோகவில்லை; ஆயினும் காவடி நிலைத்தது. தவறவிடலாகாதது வேறொன்று. இன்ன இடத்தில் வழி தொடங்குகிறது, இன்ன பெயரால் அதை அழைத்தனர், இன்னார் உனக்குமுன் நடந்தனர் என்று சொல்லிக் கொடுக்கும் அச்சொல்லே அது. அதை எந்தச் சோதனைச் சாவடியும் தடுப்பதில்லை. எந்தப் பெட்டியிலும் அது தொலைவதுமில்லை. நாம் சொல்லாமல் விட்டால் மட்டுமே தொலையும்.

இடும்பனின் மலைகள் பொதியிலுக்கு வந்து சேரவில்லை. நம்முள்ளும் பலர் போக எண்ணிய இடம் ஒன்று. சுமையை இறக்கி நிலைத்த இடம் வேறொன்று. அதில் இழிவு இல்லை. இறக்கிய இடமே ஒரு பழனியாகலாம். ஆயினும் முதற்காவடி எதை நோக்கிப் புறப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் கண்ணால் காணட்டும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள், உரிய இசைவு பெற்று, உடல்நலம் இடங்கொடுத்தால், போனக்காட்டில் சாலை முடியும் இடம்வரை அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கே நின்று ஒரு கோலை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். ஏறுவது அவர்கள் வேலை. கொடுப்பது நம் கடன்.